இடப்பக்கத்துக் கடைசிக் கேமரா

அன்றைக்கு வண்டிக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். வண்டியைக் கட்டிய பட்டறையின் சொந்தக்காரர் சென்னியப்பன், வயது எழுபத்திரண்டு, முன்னால் இடப்பக்க இருக்கையில். அவர் மனைவி தெய்வாத்தாள், நடுக்கூடத்துச் சோபாவில், மடியில் தேங்காய் பழத் தட்டு. மகன் லோகநாதன், அம்மாவுக்கு எதிரே, கைபேசியில் கண். மருமகள் பூங்கோதை, ஸ்டியரிங்கில். வண்டிக்கு வெளியே, இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு ஓரடி தள்ளி, ஐந்தாவதாக ஒருவர் இருந்தார். அவர் பெயர் சின்ராசு. அவர் அங்கே இருந்தாரா இல்லையா என்பதில்தான் பதினொரு நாள் தகராறு நடந்தது.

கரூரில் பேருந்துக்குக் கூடு கட்டும் பட்டறைகள் பல உண்டு. எலும்புக்கூடாக வந்து நிற்கும் சேசிஸ் மேல் தகடு அடித்து, சன்னல் வைத்து, இருக்கை பூட்டி, வண்டியாக அனுப்புவார்கள். சென்னியப்பன் பட்டறைக்கு மட்டும் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகக் கட்டிய வண்டி வாங்கியவர் கைக்குப் போகும் முன், கட்டியவன் குடும்பம் அதில் ஏறி ஒரு கோயிலுக்குப் போய்வர வேண்டும். "நம்ம வீட்டுப் பொம்பளைங்க ஏற யோசிக்கிற வண்டியை அடுத்த வீட்டுக்கு எப்படிக் கொடுக்கறது?" என்பார். நாற்பத்தொரு வருடத்தில் அந்த வழக்கம் ஒரு முறைகூடத் தவறியதில்லை. பட்டறை வண்டியால் ஒரு உயிருக்குச் சேதம் என்று ஒருவரும் வாசலில் வந்து நின்றதும் இல்லை. இந்த இரண்டையும் அவர் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

இப்போது பேருந்தைவிட வீட்டு வண்டிகளுக்குத்தான் கிராக்கி. படுக்கையறை, அடுப்படி, குளியலறை எல்லாம் உள்ளேயே. அன்றைய வண்டியும் அப்படி ஒன்று, நாற்பதடி நீளம். இவ்வளவு பெரிய வண்டியில் இடப்பக்கம் ஓட்டுநருக்குக் குருட்டுப் பக்கம். முன்பெல்லாம் வெளியே யானைக் காது மாதிரி இரண்டு கண்ணாடி நீட்டிக்கொண்டிருக்கும். சட்டம் அந்தக் கண்ணாடிகளை எடுக்கச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. இப்போது பக்கத்துக்கு மூன்று கேமரா. படம் ஓட்டுநர் எதிரே உள்ள திரையில்.

பூங்கோதைதான் அந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்து வாங்கினாள். பொறியியல் படித்தவள், கனரக வண்டி ஓட்ட உரிமம் எடுத்தவள். மாமனாருக்கு அவள்தான் விளக்கினாள்.

"மழை, புழுதி, எதிர்வெயில், எது வந்தாலும் படம் கலங்காதுங்க மாமா. ஒரு கேமராவுக்கு ஒரு இடம் தெரியலைன்னா, பக்கத்துக் கேமரா பார்த்தது, கொஞ்சம் முந்திப் பார்த்தது எல்லாத்தையும் சேர்த்து அதுவே அந்த இடத்தை நிரப்பிடும்."

"நிரப்பும்னா?"

"கிழிஞ்ச துணிக்கு ஒட்டுப் போடற மாதிரிங்க."

"ஒட்டு தெரியுமா?"

"தெரியாதுங்க மாமா. அதுதான் இதோட பெருமையே."

தெய்வாத்தாள் திரையை எட்டிப் பார்த்தாள். பட்டறை முற்றம் கழுவிவிட்டதுபோல் மின்னியது. "ஏனுங்க, கல்யாண வீடியோ மாதிரியல்லோ இருக்குது. என் மூஞ்சிக்கு இப்படி ஒண்ணு வாங்கிக் குடுங்களேன்" என்றாள்.

"உனக்கு எதுக்கு? உன்னைப் பாக்கறதுக்கு நான் ஒருத்தன்தானே" என்றார் சென்னியப்பன். அவர் அப்படிப் பேசுவது வருடத்துக்கு ஒரு தடவை.

விஜயதசமி அன்று காலை பத்து மணிக்கு நல்லமங்கலம் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து இடப்பக்கம் வளைந்து சாலையில் ஏற வேண்டும். கோயில் முன்னால் பம்பை மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். கூட்டமெல்லாம் அந்தப் பக்கம். பூங்கோதை திரையைப் பார்த்தாள். சென்னியப்பனும் பார்த்தார். இடப்பக்கம் முழுக்கச் சிமெண்டுத் தரை, ஆள் இல்லை. வளைத்தாள்.

அப்போது வண்டியின் உடம்பில் ஒரு தட்டு விழுந்தது. உள்ளங்கையால் ஓங்கி அடித்த ஒரே தட்டு.

பேருந்து பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். இரண்டு தட்டு என்றால் போ. ஒரு தட்டு என்றால் நில். சென்னியப்பனுக்குத் தெரியாமல் இருக்குமா? தலை நிமிர்ந்தது. திரையைப் பார்த்தார். காலி. அடுப்படி அலமாரிக் கதவு அடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். காதில் கேட்டதை விட்டுவிட்டுக் கண்ணில் பட்டதை நம்பினார். அதற்குள் வெளியே அலறல் கேட்டது.

இறங்கி ஓடியபோது, கோயில் வாகன நிறுத்தத்தில் வண்டிகளுக்கு வழி காட்டும் ஆள் ஒருவர் தரையில் கிடந்தார். பின்சக்கரம் வலது பாதத்தின்மேல் ஏறி இறங்கியிருந்தது. லோகநாதனும் பூங்கோதையும்தான் அவரைத் தூக்கி, அந்தப் புது வண்டியின் படுக்கையிலேயே கிடத்திக் கரூர் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தெய்வாத்தாள் வழி நெடுக அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். இவ்வளவும் ஒழுங்காகத்தான் நடந்தது.

கோணல் மறுநாள் ஆரம்பித்தது. விபத்து என்றால் கேமராப் படம்தான் முதல் சாட்சி, சட்டம் அப்படி. காவல் ஆய்வாளர் திலகவதி படத்தை ஓட்டிப் பார்த்தார். பத்து முறை ஓட்டினார். படத்தில் சின்ராசு இல்லை. வண்டி வளைகிறது, தரை சுத்தமாக இருக்கிறது, பிறகு வண்டி நிற்கிறது. அவ்வளவுதான்.

படத்தில் இல்லாதவர் இடத்தில் இல்லை. அப்படியென்றால் வேறெங்கோ காலை நசுக்கிக்கொண்டு, பெரிய வண்டியாகப் பார்த்து வந்து விழுந்து கத்தியிருக்கிறார். இப்படிச் செய்கிற ஆட்கள் நாட்டில் இருக்கிறார்கள்தான். வாகன நிறுத்தத்தை ஏலம் எடுத்தவர் சின்ராசுவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். ஏமாற்றுக்காரனை வைத்துக்கொண்டால் கோயிலுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றார்.

பட்டறையில் எல்லோருக்கும் மூச்சு வந்தது. பூங்கோதையைத் தவிர. அவள் ஸ்டியரிங்கைத் தொடுவதை விட்டுவிட்டாள். சாப்பாட்டு மேசையில்கூட அந்தப் படத்தையே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"பார்த்துத்தானுங்க அத்தை திருப்புனேன். யாருமே இல்லைங்க."

"இல்லைன்னுதான் எல்லாரும் சொல்றாங்களே, கண்ணு. சோத்தைத் தின்னு."

"அப்புறம் நான் தூக்கினது யாரைங்க?"

தெய்வாத்தாள் அவள் தட்டில் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

எட்டாம் நாள் சென்னியப்பன் மருத்துவமனைக்குப் போனார். இரக்கப்பட்டுப் போகவில்லை. தன் பட்டறை வண்டிமேல் பொய் சொன்னவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று போனார். பழம், ரொட்டி எதுவும் வாங்கிப் போகவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

சின்ராசுவுக்கு ஐம்பது வயது இருக்கும். பாதத்தில் பாதியை எடுத்துவிட்டிருந்தார்கள்.

"நீங்கதானுங்களா பட்டறைக்காரரு? உங்க வீட்டம்மா வந்துட்டுப் போனாங்க. ரெண்டு வாட்டி."

சென்னியப்பனுக்கு அது புதுச் செய்தி. காட்டிக்கொள்ளவில்லை. "படத்துல நீ இல்லையேப்பா" என்றார்.

"அதைத்தானுங்க எல்லாரும் சொல்றாங்க. நானு இல்லாமயா போனேன்? காலு போயிருச்சே, அதுவும் இல்லாமப் போனதுங்களா?"

"அங்க எதுக்கு வந்தே?"

"சாக்கடை மூடி ஒடைஞ்சு கெடக்குதுங்க. உங்க பின்சக்கரம் நேரா அதுக்குத்தான் வந்துச்சு. புது வண்டி, எறங்கிருச்சுன்னா அச்சு போயிருமேன்னு ஓடியாந்தேன். கத்துனேன், பம்பையில கேக்கலை. அதுக்குத்தான் தட்டுனேன்." தலையணையில் தலையைத் திருப்பிச் சென்னியப்பனைப் பார்த்தார். "ஒத்தத் தட்டு. இருவத்திரண்டு வருசமா வண்டி பாக்கறவனுங்க நானு. என் தட்டுக்கு நிக்காத வண்டியே கெடையாது. உங்களுக்குக் கேக்கலைங்களா?"

சென்னியப்பன் சன்னலைப் பார்த்தார்.

"பரவாயில்லைங்க. உங்க வண்டிக்கு ஆறு கண்ணு. எனக்கு ரெண்டு. ஆறும் ஒண்ணாச் சேர்ந்து நான் இல்லைன்னு சொல்லையில, இந்த ரெண்டு என்னங்க பண்ணும்?"

அங்கிருந்து வீட்டுக்குப் போகாமல் நல்லமங்கலத்துக்குப் போனார். வண்டி நின்ற இடத்தைக் கண்டுபிடிக்கக் கஷ்டம் இல்லை. வளைவில் சாக்கடை மூடி இரண்டாக உடைந்து கிடந்தது. உடைந்த இடுக்கில் முழங்கை உயரத்துக்கு நாயுருவி முளைத்திருந்தது. எட்டு நாளில் அவ்வளவு செடி வளராது. பூங்கோதை கைபேசியில் அனுப்பியிருந்த படத்தை எடுத்துப் பார்த்தார். அதே இடம். செடி இல்லை. உடைசல் இல்லை. வழவழவென்று சிமெண்டு.

ஒட்டு தெரியாது என்று மருமகள் சொன்னது மறுபடி அவர் காதில் விழுந்தது.

பட்டறைக்கு வந்ததும் ஏணி கேட்டார். நாலு பேர் ஓடிவந்தார்கள். எல்லோரையும் வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டுத் தானே சாத்தித் தானே ஏறினார். இடப்பக்கம், கடைசிக் கேமரா. கூரை விளிம்புக்குக் கீழே, தீப்பெட்டி அளவு. அதன் கண்ணாடியில், நடுவில், காய்ந்துபோன சந்தனம். அதன்மேல் குங்குமம். தண்ணீர் பட்ட இடத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது. ஓரத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை.

அது யார் விரல் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

ஆயுத பூசை அன்று பட்டறையில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது அவர்தான். வெல்டிங் இயந்திரம், துளைபோடும் இயந்திரம், சுத்தியல், புது வண்டியின் நெற்றி, விளக்குகள். ஏணியில் ஏறிக் கேமராவுக்கும் வைக்கப் போனபோது கீழேயிருந்து பூங்கோதை சொன்னாள்: "மாமா, கண்ணுல வைக்காதீங்க. மேல, மூடியில வைங்க." முப்பது தொழிலாளிகள் நின்றிருந்தார்கள். யாரோ ஒருவன் சிரித்தான். அவளைப் பார்த்துச் சிரித்தானா, தன்னைப் பார்த்துச் சிரித்தானா, தெரியவில்லை. "செரி, செரி" என்றார். ஐந்து கேமராவுக்கும் மூடியில் வைத்தார். ஆறாவதுக்கு வந்தபோது அவள் கற்பூரம் எடுக்க உள்ளே போயிருந்தாள். நடுவில் வைக்காத பொட்டு என்ன பொட்டு? என் பட்டறையில் எங்கே பொட்டு வைப்பது என்று எனக்கா தெரியாது? கட்டைவிரலால் அழுத்தி நடுவில் வைத்துவிட்டு இறங்கினார். அதோடு அதை மறந்தும் போனார். மறக்க நினைத்ததை மறப்பது அவருக்கு எப்போதுமே சுலபம்.

ஏணியிலேயே வெகுநேரம் நின்றார். பையில் கைக்குட்டை இருந்தது. ஒரு துடைப்பு போதும். படம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, ஆய்வாளர் இருக்கிறார். நாற்பத்தொரு வருடப் பெயரும் இருக்கிறது. கைக்குட்டையை எடுத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதைத் திரும்பப் பைக்குள் வைத்தார். கீழே இறங்கினார்.

"அம்மிணி" என்று மருமகளைக் கூப்பிட்டார். "மேல ஏறிப் பாரு."

பூங்கோதை ஏறிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "கண்ணுல வைக்காதீங்கன்னு சொன்னனுங்க மாமா."

"சொன்னே."

"முழுசா மூடியிருந்தா எச்சரிக்கை வந்திருக்கும். பாதிதான் மூடியிருக்குது. அழுக்குன்னு நினைச்சு நிரப்பிருச்சு." அவள் ஏணியில் ஒரு படி இறங்கினாள். "ஒட்டு தெரியாதது பெருமைன்னு நானும்தான் சொன்னேன்."

"நீ பண்ணுனது நீ சொல்லிக்கோ. நான் பண்ணுனதுல பங்குக்கு வராதே" என்றார். கோபமாகச் சொன்னதுபோல் இருந்தது. அவருக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியாது.

அன்று சாயங்காலம் கருவியின் உள்ளே போய்ப் பூங்கோதை ஒரு பக்கத்தைத் தேடி எடுத்தாள். ஒவ்வொரு நொடியும் படத்தில் எவ்வளவு பார்த்தது, எவ்வளவு நிரப்பியது என்று கருவி தன்பாட்டுக்கு எழுதி வைத்திருந்தது. ஓட்டுநருக்கு அது காட்டாது. ஆய்வாளருக்கும் காட்டாது. அந்த வளைவில், கடைசிக் கேமராவின் படத்தில் பாதிக்குமேல் நிரப்பியது.

லோகநாதன் எழுந்து நின்றான். "அப்பா, கொஞ்சம் பொறுங்க. இதை நாமளா போயிச் சொன்னா, ஓட்டினவங்க மேலதான் முதல்ல கேஸ் வரும். பூங்கோதை மேல. ரோட்டுல நம்ம பேரு எழுதின வண்டி நானூறு ஓடுது. அந்த ஆளுக்கு நாம வேற வழியில ஒத்தாசை பண்ணிருவோம். யாருக்கும் தெரியாம."

"ஏன்டா, அவன் ஒத்தாசையா கேட்டான்?"

"பின்னே என்னதான் கேக்கறாரு?"

"தட்டுனது கேட்டுச்சான்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. எட்டு நாளா அதைத்தான் சொல்லிட்டிருக்கறேன்."

தெய்வாத்தாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "போயிட்டு வாங்க. வண்டிமேல எழுதியிருக்கற பேரு உங்களுதுதானே" என்றாள். "அந்தச் சின்ராசு சம்சாரம் கூலிக்குப் போறதையும் விட்டுட்டு அங்க உக்காந்திருக்குது. ஏமாத்துக்காரன் பொண்டாட்டின்னு தண்ணி புடிக்கற எடத்துல சொல்றாங்களாம்."

பதினோராம் நாள் காவல் நிலையத்தில் ஆய்வாளர் திலகவதி எல்லாவற்றையும் கேட்டார். பொட்டைப் படம் எடுத்தார். நிரப்பிய கணக்கைப் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சென்னியப்பனையும், பின்னால் நின்ற பூங்கோதையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஐயா, மருமகளுக்காகச் சொல்றீங்களா? சொல்லுங்க, தப்பில்லை. என் மாமனாரா இருந்தாலும் சொல்லியிருப்பாரு."

"இல்லைம்மா. நான்தான் வெச்சேன்."

"வயசான காலத்துல, தெரியாம..."

"தெரிஞ்சுதான் வெச்சேன். வேண்டாம்னு சொன்ன பொறவு வெச்சேன். அப்படியே எழுதுங்க."

அவர் எழுதினார். எழுதும்போது உதட்டில் ஒரு மரியாதைச் சிரிப்பு இருந்தது. சென்னியப்பனுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

வழக்கு மாறியது. பூங்கோதைமேல் அலட்சியக் குற்றம் இல்லை என்று முடிவாக நான்கு மாதம் பிடித்தது. அதுவரை அவள் உரிமம் முடங்கிக் கிடந்தது. சென்னியப்பனுக்குக் கோர்ட்டில் அபராதம் விதித்தார்கள், கட்டினார். சின்ராசுவின் மருத்துவச் செலவும் குடும்பச் செலவும் பட்டறையின் பொறுப்பு என்று தீர்ப்பில் எழுதப்பட்டது. அதைத் தவிர, சின்ராசு தானாகக் கேட்டது ஒன்றுதான்.

"நானு அங்க இருந்தேன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. உங்க கையால."

எழுதிக் கொடுத்தார். 'விஜயதசமி அன்று காலை சின்ராசு என்பவர் எங்கள் வண்டியின் இடப்பக்கத்தில் நின்றிருந்தார். வண்டி சாக்கடையில் இறங்காமல் இருக்க ஓடிவந்து தட்டினார். தட்டியது எனக்குக் கேட்டது.' கையெழுத்து, பட்டறை முத்திரை. கோயில் வாகன நிறுத்தத்தின் சீட்டுக் கொடுக்கும் அறையில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். சின்ராசு கோலை ஊன்றிக்கொண்டு மறுபடி வேலைக்கு வருகிறார்.

பட்டறை வண்டிகளில் கருவியை மாற்றினார்கள். இப்போது கேமராவுக்குத் தெரியாத இடம் திரையில் கறுப்பாகத் தெரியும். மழை நாளில் படம் முழுக்கக் கறுப்புத் திட்டாக இருக்கும். வாங்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்த பட்டறை வண்டியில் படம் கண்ணாடி மாதிரி இருக்கிறதே என்றார்கள். "தெரியலைன்னா தெரியலைன்னு காட்டட்டும். எறங்கிப் பாருங்க" என்றார் சென்னியப்பன். சிலர் இறங்கிப் பார்த்தார்கள். சிலர் அடுத்த பட்டறைக்குப் போனார்கள்.

பெயர் கெட்டுப்போகும் என்று லோகநாதன் பயந்தான். கெடவில்லை, உயர்ந்துவிட்டது. அதுதான் யாரும் எதிர்பாராதது. கல்யாண வீடுகளில் சென்னியப்பனை முன்வரிசைக்கு அழைத்துப் போகிறார்கள். மருமகள் செய்த தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்ட மாமனார் என்று மாப்பிள்ளை வீட்டுக்கு அறிமுகம் செய்கிறார்கள். அவர் இல்லை என்று சொன்னால், பெரியவங்க அப்படித்தான் சொல்வாங்க என்று இன்னும் ஒரு பங்கு கூடுதலாகக் கும்பிடுகிறார்கள். பூங்கோதை அந்தக் கூட்டங்களில் சுவரோரமாக நிற்கிறாள். மன்னிக்கப்பட்டவளைப் பார்ப்பதுபோல் பெண்கள் அவளைப் பார்க்கிறார்கள். அதற்காகவே அவர் கல்யாணங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்.

சென்னியப்பன் மருமகளைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று கரூரில் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மையல்ல. அவர் யாரையும் காப்பாற்றவில்லை. பூங்கோதை கண்ணில் வைக்க வேண்டாம் என்றாள், அவர் வைத்தார்.